ரெண்டு இழு இழுத்தால் நிற்க வேண்டும்

மரியாதைக்காக 'அவர்' என்று எழுதுகிறேன். மனசுக்குள் நான் அவரை அப்படிச் சொல்வதில்லை. பெயரையும் எழுதப்போவதில்லை. எழுதினால், யாராவது அவருக்குப் படித்துக் காட்டுவார்கள்; அவர் சிரித்துக்கொண்டே கேட்டு வைத்துக்கொள்வார்; பிறகு என்றைக்கோ ஒரு நாள் அதற்கும் பதில் வரும். எங்கள் தேயிலைத் தோட்டத்து லயத்தில், அந்த வரிசை வீடுகளில், எல்லாப் பிள்ளைகளுக்கும் அவர் அத்தை. எனக்கும் அத்தைதான்.

அத்தைக்கு மறதி கிடையாது. இரண்டு விஷயங்களில் சுத்தமாகக் கிடையாது. ஒன்று விளையாட்டு. பேட்மிண்டனோ ஹாக்கியோ ஓட்டமோ, யார் ஜெயித்தார்கள், எத்தனைக்கு எத்தனை, மூன்றாவது ஆட்டத்தில் யாருக்குக் கால் பிடித்துக்கொண்டது என்பது வரைக்கும் சொல்வார். இன்னொன்று, தனக்கு யார் என்ன செய்தார்கள் என்பது. ஏழு வருடத்துக்கு முன்னால் தண்ணீர்க் குழாயடியில் யார் வாளியை முன்னால் நகர்த்தி வைத்தார்கள் என்பதையும் அதே குரலில்தான் சொல்வார்.

சீண்டினவர்களைத் திட்டமாட்டார். முகத்தைத் தூக்கி வைத்துக்கொள்ளவும் மாட்டார். "ஆட்டம் முடியல லா" என்பார், அவ்வளவுதான். புதிதாகத் தோட்டத்துக்கு வந்தவர்கள் அதை விளையாட்டுப் பேச்சு என்று நினைத்துக்கொள்வார்கள். பழையவர்கள் நாளை எண்ண ஆரம்பித்துவிடுவார்கள்.

பக்கத்து வீட்டு அம்மா ஒரு நாள் துணி அலசிய தண்ணீரை ஒரு வாளி அவர் வாசலில் கொட்டிவிட்டார். வேண்டுமென்றேதான். அத்தை வாசலைப் பெருக்கித் தள்ளிவிட்டு உள்ளே போனார். ஐந்து மாதம் போனது. தீபாவளிக் காலையில் அந்த அம்மா கலர்ப்பொடியில் மயில் கோலம் போட்டு முடித்து, இடுப்பில் கை வைத்து அழகு பார்த்துக்கொண்டிருந்தபோது, அத்தை ஒரு வாளியோடு வந்தார். துணி அலசிய தண்ணீர். ஒரே ஒரு வாளி. மயிலின் மேல் நிதானமாக ஊற்றிவிட்டு, "ஒண்ணுக்கு ஒண்ணு" என்றார். பிறகு உள்ளே போய் ஒரு தட்டு முறுக்கு கொண்டுவந்து கொடுத்தார். அந்த அம்மா அழுதுகொண்டே வாங்கிக்கொண்டார். அடுத்த வாரம் இருவரும் சேர்ந்து தானா ராத்தா டவுனுக்குச் சாமான் வாங்கப் போனதை நானே பார்த்தேன்.

கொழுந்து லோரி ஓட்டிக்கொண்டிருந்த அண்ணன் கதையும் அப்படித்தான். தோட்டத்து பேட்மிண்டன் போட்டியில் அத்தை ஆடும்போது, கோட்டுக்குள் விழுந்த பந்தை அந்த அண்ணன் வெளியே என்று சாதித்துவிட்டார். அடுத்த வருடம் அத்தை கோட்டுக்குப் பக்கத்தில் தீர்ப்புச் சொல்ல உட்கார்ந்திருந்தார். இறுதியாட்டத்தில் அண்ணன் அடித்த பந்து கோட்டுக்கு ஒரு சாண் உள்ளே விழுந்தது. "அவுட்" என்றார் அத்தை. அந்த ஒரு பந்துக்கு மட்டும்தான். மிச்ச ஆட்டம் முழுக்க நூல் பிடித்த மாதிரி நியாயம். அண்ணன் பந்தை எடுத்து எதிர்ப்பக்கம் தட்டிவிட்டார். எதற்கு அந்த அடி என்று அவருக்குத் தெரியும்.

வாங்கியதைவிடக் கூடுதலாகவும் கொடுக்கக்கூடாது, குறைவாகவும் கொடுக்கக்கூடாது. இதுதான் அத்தையின் சட்டம். சின்ன வயதில் நான் அதை ரொம்ப ரசித்தேன். என் பக்கம் வரும் என்று எனக்குத் தெரியாதே.

பதினேழு வயதில், பள்ளியில் ஐந்தாம் படிவம் முடித்ததும் நான் வேலைக்கு இறங்கினேன். அப்போதே கொழுந்தை மிஷினில்தான் வெட்டினார்கள். ஒரு நிரைச் செடிக்கு இந்தப் பக்கம் ஒருவர், அந்தப் பக்கம் ஒருவர். நடுவில், இருவரும் ஆளுக்கொரு கைப்பிடி பிடித்த மிஷின் செடியின் தலையைச் சீவிக்கொண்டு போகும். பின்னால் பெரிய பை இழுபட்டுக்கொண்டு வரும். தோட்டத்தில் மிஷின் பிடித்தவர்கள் எல்லாம் வங்காளதேசத்து ஆட்களும் நேப்பாளிகளும்தான். தமிழ்ப் பெண்கள் என்றால் அத்தையும் நானும் மட்டும்.

மலைச் சரிவு என்பதால் ஒருவர் மேட்டுப் பக்கம் நடப்பார், ஒருவர் பள்ளத்துப் பக்கம். மேட்டில் நடப்பவருக்குத்தான் செடியின் தலை தெரியும். பள்ளத்தில் நடப்பவருக்கு இலையைத் தவிர ஒன்றும் தெரியாது. எஞ்சின் சத்தத்தில் கத்தினாலும் காதில் விழாது. காதில் பஞ்சு வேறு. அதனால் கைப்பிடியை இழுத்துத்தான் பேச்சு. ஒரு இழு இழுத்தால் போகலாம். ரெண்டு இழு இழுத்தால் நிற்க வேண்டும்.

"நின்னுட்டு அப்பறம் கேளு. கேட்டுட்டு நிக்காத," என்றார் அத்தை முதல் நாளே. எப்போதும் மேட்டுப் பக்கம் அவருக்குத்தான்.

இரண்டாவது மாதம் என்று நினைக்கிறேன். ரெண்டு இழு வந்தது. நின்றேன். எஞ்சினை அணைத்துவிட்டு அத்தை கையைக் காட்டினார். என் முகத்துக்கு நேரே, அரை முழத் தூரத்தில், செடிக்குள் குளவிக்கூடு. தேங்காய் அளவுக்கு இருந்தது. இன்னும் ஓர் எட்டு வைத்திருந்தால் என் கண்ணே போயிருக்கும். அன்றிலிருந்து என் கை அவர் பேச்சைக் கேட்க ஆரம்பித்தது. மூளைக்குச் சேதி போவதற்கு முன்னால் கை நின்றுவிடும்.

எஞ்சினுக்கு எண்ணெய் ஊற்றுகிற நேரத்தில் எங்கள் இருவருக்கும் கேள்வி பதில் நடக்கும். பழைய ஆட்டங்களில் அவரை அசைக்க முடியாது. புதிய ஆட்டங்களில் நான் விடமாட்டேன். நான் பள்ளியில் ஹாக்கி ஆடியவள். விளையாட்டுப் பக்கத்தைத் தவிர பேப்பரில் வேறு எதையும் படித்ததில்லை. தோற்றவர் அன்றைக்குப் பையை உதற வேண்டும். பாதி நாள் அவர் உதறினார், பாதி நாள் நான் உதறினேன்.

அப்போதுதான் ஒரு தமிழ்த் தொலைக்காட்சியில் விளையாட்டுக் கேள்வி பதில் போட்டி அறிவித்தார்கள். ஓர் அணிக்கு இரண்டு பேர். ஒருவர் இருபது வயதுக்குள், ஒருவர் நாற்பது வயதுக்கு மேல். ஜெயிக்கிற அணியின் இளையவருக்குக் கல்லூரியில் விளையாட்டுத் துறைப் படிப்புக்கு இடம், தங்குமிடத்தோடு. எனக்கு அப்போது பத்தொன்பது வயது. பள்ளிக்கூடத்துக்குப் போய் விளையாட்டு ஆசிரியை ஆக வேண்டும் என்பதுதான் என் ஒரே ஆசை. மிஷினில் இருந்து என்னைத் தூக்கிவிட வேறு கை எதுவும் கண்ணுக்குத் தெரியவில்லை.

அத்தையிடம் ஓடினேன். பாரத்தைப் படித்துவிட்டு ஒன்றே ஒன்றுதான் கேட்டார்.

"ஒங்கம்மா வருவாளா?"

"வீட்டு ஆளுங்க ஒருத்தர் முன்னுக்கு ஒக்காந்து பாக்கலாமாம் அத்தை."

"அப்ப சரி. எழுது என் பேர."

இங்கே என் அம்மாவைப் பற்றிச் சொல்ல வேண்டும். எங்கள் வீட்டுக் கூடத்தில் ஒரு படம் மாட்டியிருந்தது. பதினேழு வயதில் அம்மா பஹாங் மாநிலச் சட்டை போட்டுக்கொண்டு, எண்ணூறு மீட்டர் ஓடப் போனபோது எடுத்தது. யார் வந்தாலும் அம்மா அந்தப் படத்துக்குக் கீழே உட்கார வைத்துத்தான் தேத்தண்ணி கொடுப்பார். அத்தையும் அம்மாவும் ஒரே வயது, ஒரே பள்ளிக்கூடம், ஒரே லயம். நடுவில் ஐந்து வீடுதான். ஆனால் இருவரும் பேசி நான் பார்த்ததில்லை. அம்மா கடைக்குப் போவதென்றாலும் அத்தை வாசலைத் தாண்டாமல் பின்பக்கமாகச் சுற்றிப் போவார். நான் அதைச் சாதாரண லயத்துச் சண்டை என்று நினைத்திருந்தேன்.

"வேற ஆளே கெடைக்கலயா ஒனக்கு?" என்றார் அம்மா.

"அத்தைக்குத் தெரிஞ்ச மாதிரி யாருக்குத் தெரியும்? நீங்களே சொல்லுங்க."

அம்மா முகத்தைத் திருப்பிக்கொண்டு அடுப்படிக்குப் போனார். ஆனால் போட்டி நடந்த கோலாலம்பூருக்கு வந்தார். மகள் டிவியில் வரும்போது வராமல் இருக்க முடியுமா?

போட்டி மேடையில் எங்களுக்கு ஓர் உயரமான மேசை. மேசைக்கு அடியில், நடுவில், குறுக்காக ஓர் இரும்புக் கம்பி. நாங்கள் இருவரும் பேசி வைத்துக்கொள்ளாமலே அதைப் பிடித்துக்கொண்டோம். வேறு எப்படி நிற்பது என்று எங்களுக்குத் தெரியவில்லை. பொத்தானை இளையவர்தான் அழுத்த வேண்டும், பதிலும் இளையவர்தான் சொல்ல வேண்டும். நான் விடையை முணுமுணுத்து, அத்தைக்கும் சரி என்று பட்டால், கம்பியில் ஒரு இழு. அவருக்குச் சந்தேகம் என்றால் ரெண்டு இழு. நான் நின்றுவிடுவேன். அப்படியே மூன்று சுற்று தாண்டினோம். இரண்டு முறை நான் தப்பாகச் சொல்லப் போனதை அவர் இழுத்து நிறுத்திக் காப்பாற்றினார்.

கடைசிச் சுற்று. கிள்ளானில் இருந்து வந்த அண்ணன் தங்கச்சி அணியும் நாங்களும் சமம். ஒரே ஒரு கேள்விதான் மிச்சம். முதலில் பொத்தானை அழுத்துகிறவர்களுக்குத்தான்.

"ஒரு பேட்மிண்டன் பந்தில் எத்தனை இறகுகள் இருக்கும்?"

எனக்குச் சிரிப்பே வந்துவிட்டது. லயத்தில் நாங்கள் புதுப்பந்தையா ஆடினோம்? துரை பங்களாவில் ஆடித் தூக்கிப் போட்ட பந்துகளைப் பொறுக்கி வந்து, உடைந்த இறகைப் பிடுங்கி, இன்னொரு பந்தின் இறகைப் பசை போட்டு ஒட்டித்தான் ஆடினோம். பதினாறு. தூக்கத்தில் எழுப்பிக் கேட்டாலும் சொல்வேன். என் கை பொத்தானுக்குப் போய்விட்டது. விரல் நுனி அதைத் தொட்டுவிட்டது.

கம்பியில் ரெண்டு இழு வந்தது.

கை நின்றது. நான் நிறுத்தவில்லை. அதுவாக நின்றது. ஏன் என்று நான் நினைக்கிறதுக்குள் எதிர் மேசையில் மணி அடித்தது. "பதினாறு" என்று அந்தப் பெண் சொன்னாள். மேலே இருந்து கலர்க் காகிதம் கொட்டியது. எங்கள் மேல் இல்லை.

திரும்பி வரும்போது வேனில் ஓட்டுநரைத் தவிர நாங்கள் மூவர்தான். அம்மா முன் இருக்கையில். நானும் அத்தையும் பின்னால். மலையேறி ரிங்லெட் தாண்டுகிற வரைக்கும் ரோட்டு வளைவுகளை எண்ணிக்கொண்டு வந்தேன். பிறகு கேட்டேன்.

"பதினாறுன்னு ஒங்களுக்குத் தெரியாதா அத்தை?"

"தெரியும்."

"பின்ன ஏன் இழுத்தீங்க?"

அவர் என்னைப் பார்க்கவில்லை. அம்மாவின் பின்தலையைப் பார்த்துக்கொண்டே, "ஆட்டம் முடிஞ்சிருச்சி" என்றார்.

அவர் வாயில் இருந்து அதை நான் கேட்டது அதுதான் முதல் தடவை. அம்மா திரும்பவே இல்லை. சண்டை போடுவார், வேனை நிறுத்தச் சொல்லிக் கத்துவார் என்று நினைத்தேன். கழுத்து கூட அசையவில்லை.

மூன்று வாரம் கழித்து ஒரு சனிக்கிழமை மத்தியானம் அது ஒளிபரப்பானது. தோட்டத்து மண்டபத்தில் லயமே கூடியிருந்தது. நான் போகக்கூடாது என்றுதான் இருந்தேன். கால் கேட்கவில்லை. கடைசிக் கேள்வியின்போது படம் பிடித்தவர் எங்களை நெருக்கமாகக் காட்டினார். என் கண் பொத்தானில் இருந்தது. அத்தையின் கண் என் மேல் இல்லை, கேள்வி கேட்டவர் மேலும் இல்லை. முன்வரிசையில் இருந்தது. உடனே திரையில் முன்வரிசையைக் காட்டினார்கள். அம்மா அத்தையைப் பார்த்தார். பார்த்துவிட்டுத் தலையைக் குனிந்துகொண்டார். எதிர் அணியின் மணி அதற்குப் பிறகுதான் அடித்தது.

தோற்பதற்கு முன்னாலேயே என் அம்மாவுக்குத் தெரிந்திருக்கிறது.

வீட்டுக்கு வந்து அம்மாவை அந்தப் படத்துக்குக் கீழே உட்கார வைத்துக் கேட்டேன். அழுகையும் மூக்குச் சிந்தலுமாகத்தான் வந்தது. மாவட்டப் போட்டியில் எண்ணூறு மீட்டரில் முதலில் வந்தது அத்தை. இரண்டாவதுதான் அம்மா. மாநிலப் பயிற்சிக்குக் குவாந்தானுக்கு வரச் சொல்லி அத்தை பெயருக்குக் கடிதம் வந்தது. பள்ளி விடுமுறை, கடிதம் தோட்டத்து ஆபீசுக்கு வந்துவிட்டது. அந்தக் காலத்தில் லயத்துக் கடிதங்களைக் கங்காணிதான் ஆபீசில் இருந்து வாங்கி, காலையில் பெயர் கூப்பிடுகிற பெரட்டில் வைத்துக் கொடுப்பார். கங்காணி யார்? என் தாத்தா, அம்மாவின் அப்பா.

"அப்பா கோட்ட தொவைக்கிறப்ப பாத்தேன். பாக்கெட்டுல இருந்துச்சி. அவ பேரு போட்டிருந்துச்சி," என்றார் அம்மா.

"எடுத்துக் கொடுக்க வேண்டியதுதானே?"

"எனக்கும் ஓடணும்னு ஆச இருந்துச்சி லா."

தேதி போய்விட்டது. முதலில் வந்தவள் வரவில்லை என்று இரண்டாவது வந்தவளைக் கூப்பிட்டார்கள். பள்ளிக்கூடம் திறந்ததும் வாத்தியார் அத்தையைத் திட்டியிருக்கிறார், கங்காணி கையில் கடிதம் கொடுத்தார்களே, ஏன் வரவில்லை என்று. அன்றைக்கு மத்தியானம் அத்தை எங்கள் வாசலில் வந்து நின்று, அம்மாவைப் பார்த்து, "ஆட்டம் முடியல லா" என்று மட்டும் சொல்லிவிட்டுப் போயிருக்கிறார். முப்பது வருடத்துக்கு முன்னால். அதற்குப் பிறகு ஐந்து வீடு தள்ளி இருந்துகொண்டு, ஒரு வார்த்தை இல்லை, ஒரு வாளித் தண்ணீர் கூட இல்லை. ஓர் இடத்துக்கு ஓர் இடம் கிடைக்கிற வரைக்கும் காத்திருந்திருக்கிறார். கூடுதலும் இல்லை, குறைவும் இல்லை.

நியாயம்தான். யாருக்கு? கடிதத்தை மறைத்த தாத்தா செத்துப் பல வருடம். கடிதத்தைப் பார்த்தது அம்மா. பொத்தானில் இருந்தது என் விரல்.

அன்றிலிருந்து வீட்டுக்கு யார் வந்து அந்தப் படத்தைப் புகழ்ந்தாலும், "மொதல்ல வந்தவங்க அஞ்சு வீடு தள்ளி இருக்காங்க, போய்ப் பாருங்க" என்று சொல்ல ஆரம்பித்தேன். அம்மா ஒரு வருடம் தாக்குப் பிடித்தார். பிறகு படத்தைக் கழற்றி அலமாரிக்குள் வைத்துவிட்டார். அம்மாவோடு என் விவகாரம் அப்படி முடிந்தது.

அத்தையோடு முடியவில்லை. உண்மை தெரிந்த மறுநாளே மிஷினை விட்டேன். தொழிற்சாலைக்குப் பக்கத்தில் சுற்றுப்பயணிகளுக்குத் தேயிலை விற்கிற கடையில் சேர்ந்தேன். இன்றுவரை அங்கேதான் நிற்கிறேன். எதிரே மலைச்சரிவில் மிஷின் போகிற சத்தம் கேட்கும்போதெல்லாம் என் கை கல்லாவின் விளிம்பைப் பிடித்துக்கொள்ளும். அதற்கும் சேர்த்து அவரைத் திட்டுவேன்.

அவரைப் பழிவாங்க மனசுக்குள் நூறு வழி போட்டேன். செய்தது ஒன்றுதான். பேட்மிண்டன் இறுதியாட்டம் நடந்த ஒரு ஞாயிற்றுக்கிழமை, ஆட்டம் தொடங்கப் பத்து நிமிடம் இருக்கும்போது, அவர் கூரை மேல் இருந்த டிவி தட்டைக் காட்டுப் பக்கம் திருப்பிவிட்டேன். அத்தை வெளியே வந்தார். கூரையைப் பார்த்தார். ஏணியோடு நின்ற என்னைப் பார்த்தார். கோபிப்பார் என்று பார்த்தால், ஒரு விரலைத் தூக்கிக் காட்டினார்.

"ஒண்ணு," என்றார்.

எனக்கு ஒரு புள்ளி கொடுத்திருக்கிறார்! அதற்குப் பதிலாக அவர் எதையும் செய்யவில்லை. அவர் சட்டப்படி அது என் முறை. நான் அடிக்க வேண்டியது இன்னும் நிறைய இருக்கிறது என்று அவரே ஒப்புக்கொண்ட மாதிரி ஆகிவிட்டது. அந்தத் திமிரை என்ன செய்வது? அன்றைக்கு ஏணியைத் தூக்கிக்கொண்டு வீட்டுக்கு வந்து, பல்லைக் கடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன்.

பத்துப் பதினோரு வருடம் ஒரு பேச்சும் இல்லாமல் போனது. போன வருடம் அவருக்கு வேலை முடிந்தது. வேலை முடிந்தால் லயத்து வீட்டைக் காலி செய்ய வேண்டும். லெம்பா பெர்த்தாமில் அக்கா மகன் வீட்டுக்குப் போகிறார் என்று சொன்னார்கள். திரிங்காப்பில் இருந்து ஒரு காய்கறி லோரி வந்து கீழே ரோட்டில் நின்றது. காலை பத்து மணி, ஆண்களெல்லாம் வேலைக்காட்டில். லோரிக்காரருக்கு இடுப்பு வலி, படி ஏறமாட்டேன் என்று சொல்லிவிட்டார். அன்றைக்கு எனக்கு விடுமுறை. அத்தை எங்கள் வாசலில் வந்து நின்றார்.

"அலமாரி ஒண்ணு இருக்கு. ஒரு கை பிடிக்கிறியா?"

போனேன். ஏன் போனேன் என்று கேட்காதீர்கள்.

இரும்பு அலமாரி. லயத்தில் இருந்து ரோட்டுக்கு நாற்பது சிமெந்துப் படி, பாசி பிடித்தது, மேலே தூறல் வேறு. நான் வழக்கம்போலப் பள்ளத்துப் பக்கம் போனேன். அத்தை தடுத்தார்.

"நீ மேட்டுப் பக்கம் எடு. வெய்ட்டு கீழதான் வரும். ஒனக்குத் தாங்காது."

அறுபது வயதிலும் அந்த வீம்பு. அவர் கீழே, முதுகு காட்டிப் பின்னால் பின்னால் இறங்கினார். படி அவர் கண்ணுக்குத் தெரியாது. என் கண்ணுக்குத்தான் தெரியும். வாழ்க்கையில் முதல் தடவையாக மேட்டுப் பக்கம் எனக்கு.

பாதி தூரம் வந்தோம். வழியில் ஒன்றும் இல்லை. படி நன்றாகத்தான் இருந்தது. நான் அலமாரியை ரெண்டு இழு இழுத்தேன்.

அத்தை நின்றார். ஒரு கால் மேல்படியில், ஒரு கால் கீழ்ப்படியில், அத்தனை பாரமும் நெஞ்சில். ஏன் என்று கேட்கவில்லை. நின்றுவிட்டுத்தான் கேட்க வேண்டும், அதுவும் எஞ்சின் அணைந்த பிறகு. அவர் சட்டம் அவருக்கும்தான்.

நான் வாய்விட்டு எண்ண ஆரம்பித்தேன். "ஒண்ணு. ரெண்டு. மூணு."

நிதானமாகத்தான் எண்ணினேன். ஐந்து என்றபோது அவர் நிமிர்ந்து என்னைப் பார்த்தார். எட்டு என்றபோது தாடையையும் அலமாரிக்கு முட்டுக் கொடுத்தார். தூறல் நெற்றியில் இறங்கிக் கண்ணுக்குள் போனது. துடைக்கக் கை இல்லை. பத்தில் அவருக்குப் புரிந்துவிட்டது. உதடு லேசாகச் சிரித்தது. இறக்கி வை என்று சொல்லுவார் என்று பார்த்தேன். சொல்லமாட்டார். பதினான்கு, பதினைந்து என்று இழுத்து இழுத்துச் சொன்னேன். எனக்குச் சுகமாக இருந்தது. பொய் சொல்லவில்லை, ரொம்பச் சுகமாக இருந்தது.

"பதினாறு."

"ரெண்டு," என்றார் அத்தை, மூச்சு வாங்கிக்கொண்டே. என் புள்ளியைத்தான் சொன்னார். பிறகு, "முடிஞ்சிதா?" என்றார்.

"ஆட்டம் முடியல லா," என்றேன்.

அவர் தலையை ஆட்டினார், சரிதான் என்கிற மாதிரி. அப்புறம் கீழே இருந்தபடியே அலமாரியை ஒரே ஒரு இழு இழுத்தார். போகலாம் என்று அர்த்தம். என்னைக் கேட்காமலே என் கால் அடுத்த படியில் இறங்கியது. இன்றுவரை அந்தக் காலைத்தான் என்னால் மன்னிக்க முடியவில்லை.